வெள்ளை நண்டின் நான்கு சாவிகள்

பெர்த்திலிருந்து தயாபரன் அனுப்பிய ப்ளூ-ரே
மூன்று நாளாய் மேசையில் கிடந்தது.
அட்டையில் கறுப்புத் தோல் கையுறை,
அதன் விரலிடுக்கில் ஒரு நண்டு.
மூலச் சுருளிலிருந்து மீட்டது, வெட்டு ஏதுமில்லை என்று
தங்க எழுத்தில் சத்தியம் வேறு.
படத்தில் நண்டு எங்குமே வராது.
சாவியும் மூன்றுதான்.

தொண்ணூற்றொன்றில்,
அப்பாவும் அம்மாவும் நிபோங் திபாலுக்குத்
துக்கம் கேட்கப் போன இரவு,
பர்மா ரோட்டு வாடகைக் கடையில்
இரண்டு ரிங்கிட்டுக்கு எடுத்து வந்தான் இதை.
பல வீடு பார்த்த நாடா.
எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள்.
கத்தி ஓங்கும், படம் ஒரு குதி குதிக்கும்,
அடுத்த கணம் இன்ஸ்பெக்டர் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.
கொலைகாரன் கத்தியா, தணிக்கைக்காரர் கத்திரியா,
எது வேகம் என்று சிரித்தோம்.
பியானோ டீச்சர்தான் என்று
ஐம்பது காசு கட்டித் தோற்றேன்.

இன்றிரவு ஜெலுத்தோங், பதினான்காம் மாடி.
சன்னலில் பாலத்து விளக்குகள்.
கோர்ட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன்.

சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு.
தேருக்கு அடித்த எனாமல் மாதிரி
பளிங்குப் படியில் இறங்கி வருகிறது.
அன்றைக்கு இது கீச்சாப் நிறத்தில் இருந்தது.
காலையில்
சாட்சிப் பொருள் பி-பதினான்கை,
ஒரு சட்டையை,
பிளாஸ்டிக் உறையோடு தூக்கிக் காட்டினார்கள்.
கீச்சாப் நிறம்தான்.
வீணாய்ப்போன நாடா
தெரியாத்தனமாய் உண்மை சொல்லியிருக்கிறது.

இன்னொன்று.
டிவிப் பெட்டிக்குள் அடக்க
படத்தை இருபுறமும் நறுக்கியிருந்தார்கள் அப்போது.
இப்போது முழு அகலம்.
பத்தாவது நிமிடம், பூக்கடை, வலது ஓரம்:
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன்
குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறான்.
ஒளியவில்லை.
நாங்கள் பியானோ டீச்சரின் விரல்களைச்
சந்தேகித்துக்கொண்டிருந்தபோதும்
அங்கேதான் நின்றிருக்கிறான்.

கடைசியில் ஒப்புக்கொள்கிறான்.
வாய் நெடுநேரம் அசைகிறது.
குரல் வேறு யாருடையதோ, உதட்டுக்கு அரை நொடி பின்னால்.
கீழே மூன்றே சொல்:
நான் அவளைக் கொன்றேன்.
பின்னால் ஓட்டினேன். மறுபடி.
அத்தனை அசைவுக்கும் மூன்று சொல்லா?

மன்னார்குடிப் பக்கத்துப் பையன்.
புக்கிட் மெர்தாஜாமில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவியவன்.
"குத்திட்டேங்க்கா" என்றான்,
நீதிபதியைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து.
முறைப்படி நானும் தன்மையில்,
அவனாகவே நின்று,
சாயா திக்காம் டியா என்றேன்.
பதிவாகிவிட்டது.

திக்காம் என்றால் குத்தியது.
தெர்திக்காம் என்றால் தெரியாமல் பட்டது.
அவன் சொன்னது
இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.
'குத்தினேன்' என்றா சொன்னான்?
அந்த 'ட்டேன்'னுக்குள் ஒரு 'விட்டேன்' மடங்கிக் கிடந்தது.
கை நழுவ விட்ட தட்டு,
கடைசி பஸ்ஸை விட்டவன் முகம்,
திரும்ப எடுக்க முடியாத பேச்சு,
எல்லாம் அதில்.
ஒரு தெர் போட்டிருந்தால்
அவனுக்காக வாதாடியதாகியிருக்கும்.
போடாததால்
நறுக்கியதாகியிருக்கிறது.
இருபது ஆண்டில் எத்தனை பேருக்கு
எத்தனை ஓரம்.

தயாபரன் கேட்கிறான்:
பார்த்தாயா? கொலைகாரன் யாரென்று ஞாபகமிருந்ததா?
என் ஐம்பது காசைத் திருப்பிக் கொடு,
அவனை அன்றைக்குக் காட்டவே இல்லை
என்று அனுப்பினேன்.
சிரிக்கும் முகங்கள் வரிசையாய் வந்து விழுந்தன.

திரையில் பூக்கடை இன்னும் நிற்கிறது.
வலது ஓரத்தில் குடை.

நாளை ஒன்பது மணிக்குத் தொடர் விசாரணை.
பையன் கூண்டில் நிற்பான்.
எனக்கு இடம்
அவனுக்கு வலப்பக்கம், ஓர் அடி தள்ளி.