கஞ்சமலையில் வடக்கு

ஏற்காட்டில் அவருக்குக் கப்பல் துரை என்று பேர்.
காகிதத்தில் ஹாலட்.
அவர் காப்பித் தோட்டத்துக்குக் கணக்கு எழுதினேன், பதினோரு வருஷம்.
மற்ற துரைமார் ஏரியில் படகு விடுவார்கள்,
இவர் கரைப்பக்கம்கூடப் போனதில்லை.
பங்களா வாசலில் கொடிமரம் மட்டும் உண்டு.
கொடி ஏறி நான் பார்த்ததில்லை.

நாலு மணிக்கு எழுந்து
காற்று எந்தப் பக்கம், மேகம் எத்தனை பங்கு,
பாதரசம் எங்கே நிற்கிறது,
எல்லாம் எழுதிவிட்டுத்தான் காப்பி.
மூட்டம் சேர்வராயனை விழுங்கிக்கொண்டு ஏறும் நாளில்
"ஆழம் பார்!" என்று என்னை அதட்டியிருக்கிறார்.
கிணற்றுக்குக் கயிறு வாங்கியவன் நான்,
எனக்குத் தெரிந்த ஆழம் அவ்வளவுதான்.

பதிமூன்று வயதில் கப்பல் ஏறினாராம்.
சான்சிபார் கடலில் அடிமைகளை ஏற்றிப்போன படகுகளை
விரட்டிப் பிடித்ததற்கு இரண்டு பதக்கம்,
விதைக்கொட்டை டிராயரில் கிடந்தன.
பிறகு செங்கடலில் ஒரு ராத்திரி.
பாறை.
பதினேழு பேர்.

விசாரணையில் சொன்னது ஒரே வாக்கியம்:
பக்கத்தில் இரும்பு இருந்தது, ஊசி பொய் சொன்னது.
மேசைமேல் அவருடைய வாளையே வைத்திருந்தார்கள்,
முனை அவரைப் பார்த்து.
அப்புறம் கப்பல் இல்லை. பாதிச் சம்பளம்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள்
வண்டிமாடு பார்க்கக் கஞ்சமலைப் பக்கம் போனோம்.
சித்தர் கோயில் கூட்டம் கலைந்து
வழியெல்லாம் உப்பும் மிளகும்.
கறுத்த கல் ஒன்று செருப்பில் இடறியது.
குனிந்தவர், பையிலிருந்து பித்தளைத் திசைகாட்டியை எடுத்தார்.
ஊசி மலையைப் பார்த்துத் திரும்பியது.
பத்தடி தள்ளிப் போனார். வேறெங்கோ காட்டியது.
திரும்பி வந்தார்.
"வடக்கு எது, கணக்கு?"
கையை நீட்டினேன்.
ஊசி ஒத்துக்கொள்ளவில்லை.

மாட்டுத் தரகர் செங்கோடக் கவுண்டர்
என் காதில் கேட்டார்:
"துரை அதுல சுழி பாக்குறாரா?"

வெயிலில் ரொம்ப நேரம் நின்றார்.
சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

மலையேறும்போது இருட்டிவிட்டது.
மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.
மேலே ஒரு மேகம் இல்லை.
"அன்றைக்கும் இப்படித்தான்,
இத்தனை நட்சத்திரமும் இருந்தது.
நான் நிமிரவில்லை."
வண்டிக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது.
எனக்குத் தெரியும். தெரியாதவன்போல்
மாட்டுக் கயிற்றைச் சரிசெய்தேன்.

மறுநாள் குறிப்பில் இருந்தது:
காற்று தென்மேற்கு.
மேகம் ஆறு பங்கு.
மாடு வாங்கவில்லை.