காயும் மட்டும்

வீட்டுக்காரர் ஸ்காபரோவில் இருக்கிறார்.
ஒழுகும் குழாயைப் படம் எடுத்து அனுப்பினேன்.
குழாயை விட்டுவிட்டுக்
கல்லிடுக்கில் புல்லைப் பார்த்திருக்கிறார்.
"என்ன பிள்ளை, வளவு காடாக் கிடக்கு."

கிருலப்பனைச் சந்தி ஹார்ட்வெயாரில்
புல்லுக்கு மருந்து கேட்டேன்.
மருந்து. அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம்.
பெரிய கலனிலிருந்து ஒரு நெக்டோ போத்தலுக்குள்
ஊற்றித் தந்தான் பொடியன்.
பெயரில்லை, அளவில்லை,
ஒரு மண்டையோட்டுப் படம்கூட இல்லை.
நாய் பூனை நடந்தால்?
"காயும் மட்டும் விடாதீங்க அக்கா. காய்ஞ்சாச் சரி."

காயும் மட்டும்.
இந்த ஊரில் எது காய்ந்திருக்கிறது?
திங்கட்கிழமை தோய்த்த துவாய்
வியாழனும் கொடியில் கனக்கிறது.

எங்கள் மிச்சரைக் குளியலறையில் பூட்டலாம்.
ரேடியோவைப் போட்டுவிட்டால்
ஊளை அயலுக்குக் கேளாது.
மதிலால் வருகிற அந்த வெள்ளையை எதில் பூட்ட?
ஒழுங்கையில் அதற்கு
மூன்று வீடு, மூன்று பெயர்.

இரோமியின் கேற்றைத் தட்டி
என் உடைந்த சிங்களத்தில் சொன்னேன்:
சுது, இன்றைக்கு மட்டும், உள்ளே.
ஹாஜரா ராத்தாவுக்கு ஆச்சரியம்.
"எங்கட ராணியையா சொல்றீங்க?
அது உங்கட வீட்டிலயுமா தின்னுது?"
நான் பஞ்சு என்றேன், அவ ராணி என்றா,
இரோமி சுது, சுது என்று ஒழுங்கை முனைவரை போனாள்.
ஒரு பெயருக்கும் அது வரவில்லை.

ஒன்பதரைக்கு அடித்தேன்.
கையுறைக்குப் பதில் பாண் வாங்கின பை இரண்டு.
மிச்சரின் தண்ணீர்க் கோப்பையை உள்ளே எடுத்துவிட்டு
வாசலில் கதிரை போட்டுக் காவலிருந்தேன்.
ஒரு காகம் இறங்கப் பார்த்தது. செருப்பால் எறிந்தேன்.
காகத்தின் கேற்றை
எங்கே போய்த் தட்டுவது?

இரண்டேகாலுக்கு வானம் கறுத்தது.
பிறகு மழையா அது,
வாளியோடு கவிழ்த்தது போல.
கல்லெல்லாம் நுரைத்து, கேற்றின் கீழால் வழிந்து
கானுக்குள் இறங்கி
கபரகொய்யா நீந்தும் கால்வாய்ப் பக்கம் போனது
நான் அடித்த எல்லாம்.

அப்போதுதான் கண்டேன்.
தண்ணீர்த் தாங்கியின் அடியில் வெள்ளை.
காலையிலிருந்தே அங்கேதானோ,
நனைந்துதான் ஓடி வந்ததோ,
முன்காலை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது.

பிடித்தேன். சவர்க்காரம் போட்டு
நாலு பாதமும் விரல் விரலாகக் கழுவினேன்.
கையில் அது கிழித்த கோடு இன்னும் இருக்கிறது.
இரண்டு இரவு மூன்று வீட்டுக்கும் ஒரே கேள்வி,
போனிலும் மதிலுக்கு மேலாலும்:
தின்றதா?
தின்றது. மூன்று வீட்டிலும்.

இப்போது புல் திரும்பி வந்துவிட்டது.
பழைய கரண்டியால் கிண்டுகிறேன்;
கிண்டிய இடத்தில் வந்து படுத்துக்கொள்கிறது.
படம் கேட்டால் குழாயை மட்டும் அனுப்புகிறேன்.

அரைப் போத்தல் மிச்சம்.
கானில் ஊற்ற மனமில்லை, குப்பைக்காரனிடம் கொடுக்கப் பயம்.
அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன்,
நச்சு என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி.
பூனை அலுமாரிக்கு மேலும் ஏறும்.
மூடியை இரவில் ஒருதரம் எழும்பிப் போய்
இறுக்கிவிட்டு வருகிறேன்.