ஒரே ஒரு சுத்தியல்

வியாழக்கிழமை, இரண்டே கால் மணி.
புன்டா அரேனாஸில் காற்று
ஆளைக் கேட்காமல் ஆளைத் திருப்பும் நவம்பர்.
தச்சுக்கூடத்துக் கதவை முதுகால் தள்ளி மூடிவிட்டு
நால்வரிடமும் சொல்கிறேன்:
ஒரு கோழிக்கூண்டு செய்ய வேண்டும்.
பலகை இருக்கிறது. டப்பா நிறைய ஆணி இருக்கிறது.
சுத்தியல் ஒன்றுதான்.

வேண்டுமென்றேதான் ஒன்று.
மற்ற மூன்றும் என் காரின் பின்பெட்டியில்
பழைய கம்பளிக்கு அடியில் கிடக்கின்றன.

யெர்கோவுக்கு ஒன்பது வயது.
அவன் கோப்பு முழுக்க ஒரே வினைச்சொல்:
அடித்தான். மார்ச்சில் அடித்தான்.
சாப்பாட்டு வரிசையில் அடித்தான்.
அந்த வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவள் ரயேன்.
பிறர் வாய் திறக்கும் முன்பே
அவர்கள் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடும் டானிட்சா.
இடித்துக்கொண்டால்
நாற்காலியிடமும் மன்னிப்புக் கேட்கும் எலியேசர்.

முதல் வாரம்
சுத்தியலோடு மேசைக்கு அடியில் போய்விட்டான் யெர்கோ.
நான் ஆணிகளை நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
என் வேலையில் கடினமான பகுதி இதுதான்:
ஆணி பிரிப்பதுபோல் நடிப்பது.

அடுத்த வாரம் டானிட்சா வரைபடம் போட்டாள்.
"மன்னிக்கணும்,
கோழி எந்த வழியாக உள்ளே போகும்?"
என்றான் எலியேசர்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அவளும், கொஞ்சம் தாமதமாக.

பிறகு அந்த மூன்றாம் வாரம்.
கூரைப் பலகையின் ஒரு முனையில் டானிட்சா,
மறுமுனையில் எலியேசர்.
சுத்தியல் முறை ரயேனுடையது.
ஆணியைப் பிடிக்க மிச்சமிருந்தவை
ஒரே ஒருவனின் விரல்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.
எழு, எழு என்றது முழங்கால்.

சுத்தியலைத் தூக்கினாள். இறக்கினாள்.
மறுபடி தூக்கினாள்.
அவன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள்.
பிறகு அவனைப் பார்த்தாள்.
தகரக் கூரைமேல் காற்று
எதையோ இழுத்துக்கொண்டு போயிற்று.

"அடி" என்றான்.

கொஞ்சம் கழித்து, மெதுவாக:
"முதல்ல சும்மா தட்டு. அப்புறம் அடி."

தட்டினாள். ஆணி சாய்ந்தது.
நிமிர்த்திப் பிடித்தான்.
"கண்ணை மூடாதே" என்றாள்.
"நீ மூடாதே" என்றான்.
ஆணி தானாக நின்ற பிறகுதான்
கையை எடுத்தான்.

என் படிவத்தில் கட்டங்கள் இருக்கின்றன:
முறை காத்தல், சினம் அடக்கல், உதவி கேட்டல்.
எதில் டிக் போடுவது என்று தெரியாமல்
ஓரத்தில் எழுதினேன்:
ஆணி வளைந்தது. விரல் பத்திரம்.

இந்தத் திங்கட்கிழமை
யெர்கோ இன்னொருவனை அடித்தான். அதையும் எழுதினேன்.
கூண்டு இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது.
கோழி இன்னும் வரவில்லை;
தலைமையாசிரியரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

நேற்று, இனித் தேவைப்படும் என்று
காரிலிருந்து இரண்டாவது சுத்தியலை எடுத்து வந்தேன்.
எலியேசர் அதை வாங்கி,
யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல்,
கதவிடுக்குக் காற்றில் பறக்காதிருக்க
வரைபடத்தின் மேல் வைத்தான்.