பதினேழாம் பங்கேற்பாளர்

ஊலு நகரில் மதியம் இரண்டரைக்கே இருட்டு.
ஆய்வுக்கூடத்தில் மேசைமேல்
இல்லாத கோப்பை ஒன்று
மூன்று ஆண்டாய் இரண்டு மில்லிமீட்டர் மேலே மிதக்கிறது.
சென்ற மாநாடு வரை
அதற்கு நிழல் தைப்பதுதான் எல்லோருக்கும் வேலை.

இந்த ஆண்டு காற்று மாறிவிட்டது:
சேர்த்தது போதும், அழித்துக் காட்டு.

தூலிக்கி கண்ணாடியை மாட்டிவிடுகிறாள்
பேருந்து ஓட்டுநர் தைஸ்தோவுக்கு.
நாற்காலியை அழிக்கிறாள்.
அது இருந்த இடத்தில் தரையின் மரவரி
பிசிறில்லாமல் ஓடுகிறது.
"அருமை" என்று நடந்தவர்
அலறிக் குனிகிறார்.

கண் நம்பியது.
முழங்கால் நம்பவில்லை.

படிவத்தில் ஒன்றிலிருந்து ஏழுவரை
நம்பகத்தன்மைக்குக் கட்டங்கள்.
ஆறில் குறியிடுகிறார்,
மறு கையால் முட்டியைத் தேய்த்தபடி.

முட்டிக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஒன்று வரைகிறாள் தூலிக்கி.