இடது முன்பக்கம்

பக்கத்து வீட்டு தனகோட்டி கேட்ட பிறகுதான்
ஒத்துக்கொண்டேன்:
"இன்னா சார், வண்டி ஒருபக்கமா
குந்திக்கினு கீது?"

அதற்கு முன் எட்டு மாதம்
ஹெப்சிபா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.
கடக்குன்னு ஒரு சத்தம்.
பாலாற்றுப் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு கடக்.
சில்க் மில் வேகத்தடையில் கடக்.
நைட் ஷிப்ட் முடிந்து கூட்டிவரும்போது
லேப்பில் விடிய விடிய ரத்தக் குழாய்களை அடுக்கிய கை
டேஷ்போர்டைப் பிடித்துக்கொள்ளும்,
சத்தத்துக்கு ஒரு நொடி முன்பே.
ரோடு அப்படி, என்பேன்.
ஒருமுறை, உன் காது அப்படி, என்றேன்.
அன்றைக்கு அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு
விருதம்பட்டு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராணிப்பேட்டை மெக்கானிக்
கூலி மட்டும் நாலாயிரம் கேட்டார்.
எனக்குக் கோபம் வந்தால்தான் கைவேலை வரும்.
நாலு ஷாக், நாலு ஸ்பிரிங்,
நாள் வாடகைக்கு ஒரு ஸ்பிரிங் கம்ப்ரஸர்,
அதை எடுத்து வந்த சாக்கில் யாருடையதோ பழைய கிரீஸ்.

மே மாத ஞாயிறு. ஐந்து மணிக்கு ஜாக்கி ஏறியது.
ஏழுக்கெல்லாம் ஸ்பேனர் சுடுகிற ஊர் இது.
கழற்றிய நட்டுகளை டெபோரா
இட்லித் தட்டுக் குழிகளில் பிரித்து வைத்தாள்.
இனி அந்தத் தட்டு அடுப்பேறாது
என்பது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

பதினேழாம் நம்பர் போல்ட் இரண்டு.
முதலாவது, கூப்பிட்டதும் வந்துவிட்டது.
இரண்டாவது வரவில்லை.
மண்ணெண்ணெய் விட்டேன், சுத்தியால் தட்டினேன்,
ஞாயிற்றுக்கிழமை சொல்லக்கூடாததைச் சொன்னேன்.
போர் போட்ட மிச்சக் குழாயை ஸ்பேனரில் மாட்டினேன்.
"நான் ஏறி நிக்கவா?" என்றாள் ஹெப்சிபா.
நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு
தனகோட்டி தோளைப் பிடித்து ஏறி நின்றாள்.
தெருவே திரும்பிப் பார்க்கும்படி
கிறீச்சென்று கத்தியது போல்ட்.
சர்ச்சில் அப்போது முதல் மணி.

இந்தப் பக்கம் மூன்று சுற்று,
அந்தப் பக்கம் மூன்று சுற்று,
கொக்கிகளுக்கு நடுவே
ஸ்பிரிங் மூச்சை உள்ளே இழுத்தது.
நேரே நிக்காதே, என்றேன்.
தவறினால் முகத்தில் அடிக்கும்.
"அமுக்கி வச்சதுக்கு முன்னால
நிக்கக்கூடாதுன்னு தெரியும்" என்று சொல்லி
பிள்ளையை இழுத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

ஷாக் தண்டை அழுத்தினால் இறங்கியது,
அங்கேயே இருந்துவிட்டது.
எதிர்பார்த்ததுதான்.
எதிர்பார்க்காதது
ஸ்பிரிங்கைத் தூக்கும்போது கீழே விழுந்தது:
கடைசிச் சுற்றின் முறிந்த துண்டு,
நடுவிரல் நீளம், வளைந்து.
முறிந்த முகம் பளபளவென்று இருந்தது.
எட்டு மாதம்
ஒரே இடத்தில் உரசினால்தான் அந்தப் பளபளப்பு வரும்.

சமையலறையில் டம்ளர் சத்தம்.
எதிர்க் காலி மனையில் முள்ளுச்செடி மண்டிக் கிடந்தது.
வீசினால் ஆயுசுக்கும் கிடைக்காது.
கையை ஓங்கியும் விட்டேன்.
தனகோட்டி பீடி பற்றவைப்பதுபோல
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.
சட்டைப் பையில் போட்டேன்.

பின்பக்கம் இரண்டும் தகராறு பண்ணவில்லை.
மதியம் மூன்று மணிக்கு
நாலு காலையும் ஊன்றி நின்றது வண்டி.
முழங்கையால் பானெட்டை அமுக்கினேன்.
ஒரு முறை எழுந்தது, அடங்கியது.

சாயந்திரம் பாலத்தில் போனோம்.
கீழே ஆறு என்ற பெயரில் மணலும் ஒரு மாடும்.
முதல் இணைப்புக்கு முன்பே
அவள் கை டேஷ்போர்டுக்குப் போயிற்று.
சத்தம் வரவில்லை.
கை அங்கேயே இருந்தது
அடுத்த இணைப்பு வரை, அதற்கடுத்தது வரை.

பாலம் முடிந்து இளநீர்க் கடையோரம் நிறுத்தினேன்.
பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
"என்ன இது?"
உன் காது, என்றேன்.
புரட்டிப் பார்த்தாள். தேய்ந்த முகத்தில்
கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் கைப்பையில் போட்டு
ஜிப்பை இழுத்தாள்.
சாவியைக் கேட்டாள்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.
காட்பாடி சிக்னல் தாண்டியதும்,
"ஸ்டியரிங் லேசா இடப்பக்கம் இழுக்குதே."
இழுக்குது, என்றேன்,
அவள் சொல்லி முடிப்பதற்குள்.