பின்பக்க எழுத்து

வெள்ளவத்தை, மழை விட்ட ஏழரை மணி.
பாமசியின் இரண்டாவது தட்டில்
ஒரு ஒட்டகச்சிவிங்கி, ஒரு சிங்கக்குட்டி, முதலை ஒன்று.
எல்லாம் சிரிக்கின்றன.
போத்தலுக்குள் இருப்பதைச் சாப்பிட்டதால்
வந்த சிரிப்பாம்.

நான் முன்பக்கத்தை நம்புகிறவன் அல்ல.
வுல்பெண்டால் தெரு அச்சகத்தில் பதினொரு வருடம்.
படத்துக்கு எவ்வளவு இடம்,
உண்மைக்கு எத்தனை பொயின்ற்
என்பது எனக்குத் தெரியும்.
திருப்பி, விளக்குக்கு நேரே பிடிக்கிறேன்.

சீனி: இரண்டு துண்டுக்கு மூன்று கிராம்.
நாலு வயதுக்கு மேல்.
பிள்ளைக்கு மூன்றே முக்கால்.
முக்கால் என்றால் முக்கால் துண்டா?
சிங்கத்தின் தலையை விட்டுவிட்டு மிச்சமா?

"பேபி சாப்பாடு இல்லையா?"
கல்லாவில் நிற்கும் உதேஷிகாவின் தமிழுக்குக்
காலில்லை, ஆனாலும் ஓடும்.
சாப்பாடு இருக்கிறது, மிஸ்.
சாப்பிடுவதுதான் இல்லை.
வல்லாரைச் சம்பல் அவளுக்குப் புல்.
நெத்தலியின் கண்ணைக் கண்டால் எழும்பி ஓடுவாள்.
பாணின் கரை, முட்டையின் மஞ்சள்,
பருப்பின் மேல் மிதக்கும் ஒற்றைக் கடுகு,
எல்லாவற்றோடும் கோபம்.
கிளினிக் அட்டையில் அவளுடைய கோடு
பச்சையின் அடிவிளிம்பில்,
தெகிவளைச் சந்தியில் அகப்பட்ட பஸ் மாதிரி,
மூன்று மாதமாக அசையவில்லை.
"பார்ப்பம்" என்றாராம் மருத்துவமாது.
அந்தப் "பார்ப்பம்"ஐ தர்மிளா
வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து
மேசையில் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

முதல் போத்தல் ஸ்காபரோவிலிருந்து மச்சாள் அனுப்பியது.
கரடி வடிவம், தோடம்பழ வாசம்.
அபிசனா தினமும் வாயைத் திறந்து காட்டினாள்.
ஒன்றுமில்லை. கைதட்டினோம்.
தீபாவளிக்குக் கூட்ட, கட்டிலை இழுத்தால்
சுவரோரம் இருபத்தேழு கரடிகள்,
தூசியில் மயிர் முளைத்து, வரிசையாக,
ஆளுக்கொரு துண்டு ரிசுப் பேப்பர் போர்த்தி.
அந்த எறும்புகளைப் போல
திடகாத்திரமான எறும்புகளை நான் கண்டதேயில்லை.
"படுக்கட்டும் அப்பா. அவைக்குப் பசியில்லை."

சிவப்புச் சிரப்: பல் கறுக்கலாம்.
மற்றது: வயிறு இறுகலாம்.
மிஞ்சுகிற சி எல்லாம் சலத்தோடு போய்விடும் என்கிறார்கள்.
அப்படியென்றால்
வெள்ளவத்தைக் கடலுக்குத் தடிமனே பிடிக்காது.
ஏ அப்படிப் போகாதாம். ஈரலில் குந்திவிடும்,
வாடகை தராத ஆளைப் போல.
விலையைப் பார்க்கிறேன். பழைய விலையின் மேல் ஒட்டிய விலை,
அதன் மேல் இன்னொன்று.
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

போன வருடம் இப்படி ஒன்று நானே அடித்தேன்.
"ஞாபகசக்திக்கு" என்று மஞ்சளில் ஒரு வரி.
மூளையைக் கொஞ்சம் பெரிசாக்கித் தாருங்கள் என்றார் வந்தவர்.
பெரிசாக்கினேன்.
பின்பக்கத்தில் இடம் போதவில்லை,
எழுத்தைச் சின்னதாக்கினேன்.
ஆறாயிரம் பிரதி.
எந்த வீட்டில் யார் அதை
விளக்குக்கு நேரே பிடித்தார்களோ.

"உங்கட பிள்ளையென்றால் எதைக் குடுப்பீங்கள்?"
உதேஷிகா முதலாளி இருக்கும் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.
பிறகு, போத்தலை என் கையிலிருந்து வாங்கி
முதலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"முதல்ல டொக்டர். பிளட் பாருங்க. பிறகு வாங்க."
வெறுங்கையோடு போக வெட்கமாயிருந்தது.
பிளாஸ்டர் இரண்டு வாங்கினேன்.

வீட்டில், ஒன்பது மணி வரைக்கும்,
பொரித்த நெத்தலியின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.
தர்மிளா ஒன்றும் கேட்கவில்லை,
கிண்ணத்தைக் கிட்டத் தள்ளினாள்.
கண்ணில்லாத நெத்தலி நூற்றுச் சொச்சம்.

பிள்ளை நாலு சாப்பிட்டாள்.
ஐந்தாவதைப் பீங்கானின் கரையில் கிடத்தி
ரிசுப் பேப்பர் கேட்டாள்.