இரண்டாம் தரம்

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி.
மற்றவர்கள் வேலை பார்க்கிறார்கள்,
எனக்குப் பார்ப்பதே வேலை.

பெல்ட்டில் வரும் ஒவ்வொரு சதுரமும்
என் முன்னால் மூன்று நொடி நிற்கும்.
முடியளவு விரிசல், முனையில் சில்லு,
சாம்பல் நிறத்துக்குள் பதுங்கிய வேறொரு சாம்பல்.
நீலச் சாக்பீஸால் கோடு இழுத்தால்
இரண்டாம் தரம்.
இழுக்காவிட்டால் யார் வீட்டுக் குளியலறைக்கோ
நடந்துவிடும்.

மார்ச் கடைசியில்
கேம்ப் வேலிக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் பூத்தது.
விளாத்திகுளத்தில் உன்னை வேரோடு பிடுங்கச் சொல்லி
மனுவில் கையெழுத்துப் போட்டவள் நான்.
உனக்கு இங்கே யார் விசா அடித்தது?
மெடிக்கல் உண்டா? நெஞ்சைப் படம் பிடித்தார்களா?
என் கண்ணுக்குள் குடியேற
எந்த ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தாய்?

கண்ணாடி போட்டால்
மாஸ்க்குக்குள்ளிருந்து மூச்சு மேலேறி
இரண்டு வட்டமும் மூடிக்கொள்ளும்.
அதனால்தான் லென்ஸ்.
இப்போது லென்ஸ் போட்டால்
ஒவ்வொரு சிமிட்டலும்
மணல் கடிபட்ட சோறு.

கசக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு
கசக்கினேன்.

வியாழக்கிழமை எழுபத்திரண்டு டைல்ஸில் கோடு.
சூப்பர்வைசர் ஷௌகத் ஒவ்வொன்றாக
விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.
"எங்கே விரிசல்?"
நான் காட்டிய இடத்தில் அவர் விரல் வழுக்கிக்கொண்டு போனது.
"அடுக்கி வை. சனிக்கிழமை பேசலாம்."

நக்கீல் கடைத்தெருவில் கண்பரிசோதனை.
"சந்தனமாரி!" என்று
ஒரு எழுத்தும் பிசகாமல் கூப்பிட்டாள் ஷைனி.
தாடையை வைத்தேன். நெற்றியை ஒட்டினேன்.
மஞ்சள் சாயம் ஒரு சொட்டு, மேலே நீல வெளிச்சம்.
மேல் இமையைப் புரட்டி
"உள்ளே முழுக்கக் கூழாங்கல் மாதிரி" என்றாள்
மலையாளம் கலந்த தமிழில்.
மூன்று நொடி இல்லை,
முழுசாக நாலு நிமிஷம் பார்த்தாள்.
சாக்பீஸ் எங்கே வைத்திருக்கிறாளோ என்று
பயந்துகொண்டே இருந்தேன்.

லென்ஸ் மூன்று வாரத்துக்குக் கூடாது.
அது பூந்தூளைப் பிடித்துக் கண்ணிலேயே ஊறவைக்குமாம்.
சொட்டு மருந்து காலையும் இரவும்,
அரித்தால் ஈரத்துணி,
விரல் மட்டும் வேண்டாம்.
பழைய லென்ஸ் இரண்டையும் குப்பையில் போடச் சொன்னாள்.
இடது கண்ணில் பவர் அரை ஏறியிருந்தது.
புதுக்கண்ணாடிக்கு நூற்றெண்பது திர்ஹாம்;
இந்த மாதம் வீட்டுக்குப் போகும் பணத்தில்
அந்த அளவுக்கு ஒரு சில்லு.

சனிக்கிழமை
மாஸ்க்கின் மேல்விளிம்பை மூக்கோடு சேர்த்து
மருந்துக்கடை டேப்பால் ஒட்டிக்கொண்டேன்.
மூச்சு கீழே போயிற்று. கண்ணாடி தெளிவு.
ஷௌகத்தும் நானும் குந்தியிருந்து
ஈரப் பஞ்சால் நீலக் கோடுகளைத் துடைத்தோம்.
எழுபத்தொன்று முதல் தரத்துக்குத் திரும்பியது.

ஒன்றை நான் விடவில்லை.
இடது மூலையில், இமைமயிர் ஒன்றின் நீளத்துக்கு,
புதுக்கண்ணாடியிலும் அது அங்கேயே இருந்தது.

"எங்கே?" என்றார்.
"இங்கே" என்றேன்.

ஷௌகத் தன் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தார்.